இரண்டாவது சனி, நான்காவது சனி



இரண்டு மாதங்களுக்கு முன் திருப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். அழுத்தி எழுதியதில் எழுத்துகள் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றன. எழுதியவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழந்தைகளின் உடுப்புக்குத் துணி வெட்டுவதுதான் வேலை. மனைவி பிரிந்து சென்னையில் தாய்வீட்டில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. ஐந்து வயது மகளை மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார். விடிகாலை சென்ட்ரலில் இறங்கி, ஸ்டேஷனிலேயே குளித்து, பையில் மடித்து வைத்திருக்கும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடுகிறார். எட்டு மணிக்கெல்லாம் அங்கே நிற்பாராம். "லேட் ஆனா என் நேரம்தானே மேடம் போகும்" என்று எழுதியிருந்தார்.

"முதல் அரை மணி நேரம் கிட்டவே வரமாட்டா. சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பா. அப்புறம் பொம்மையை என் பக்கம் உருட்டி விடுவா. பதினொன்றரைக்கு மடியில வந்து உட்காருவா. பன்னிரண்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அடுத்த தடவை மறுபடியும் சுவரிலிருந்துதான் ஆரம்பம்."

உத்தரவு கிடைக்கவே ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. முதல் சந்திப்புக்கு மகளுக்கு ஒரு கவுன் கொண்டுபோயிருக்கிறார். தானே வெட்டி, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, கழுத்தில் லேஸ் வைத்துத் தைத்தது. 22-ஆம் சைஸ். தலை வழியாகப் போனது; தோளில் நின்றுவிட்டது. கடைசியாக அவளைப் பார்த்தபோது இருந்த அளவு அது. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அளவு பார்த்து வெட்டுறவன் நான்" என்று எழுதி, அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை மேசை மேலேயே வைத்திருந்தேன். பிறகு, இதே விஷயமாக முன்பு வந்த கடிதங்களையும் தேடி எடுத்தேன். ஒரு ஃபைல் நிறைய இருந்தது. அப்பாக்கள் எழுதியவை மட்டுமல்ல. மதுரையிலிருந்து ஒரு அம்மா: மகனுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போய் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்திருந்தாராம், அப்பா வரவேயில்லை. நான்காவது சனிக்கிழமை பையன் சட்டை மாற்ற மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி: மகன் துபாயில், மருமகள் தன் ஊரில், பேத்தியைப் பார்க்கத் தனக்கு ஏதாவது உரிமை உண்டா என்று இன்லேண்ட் லெட்டரில் கேட்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்ணும் எழுதியிருந்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இத்தனை பேர் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன், தெரிந்த வழக்கறிஞர்களைத் தொந்தரவு செய்தேன். படித்ததில் மனதில் நின்றவற்றை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிரிந்துபோனவர்களின் பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்று முடிவு செய்ய நம் நீதிமன்றங்கள் இன்றைக்கும் கையில் எடுப்பது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட். இந்துக்களுக்கு அதோடு 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் உண்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்கவேண்டும் என்பதும், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன்தான் என்பதும் அதில் இருக்கின்றன. கூட இல்லாத அப்பாவோ அம்மாவோ பிள்ளையை எப்போது பார்க்கலாம், எங்கே, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் பெரும்பாலும் தீர்ப்புகளின் வழியாகத்தான் வளர்ந்து வந்திருக்கிறது. கோர்ட் தாழ்வாரங்களில் அதற்கு 'விசிட்டேஷன்' என்றுதான் பெயர். படிக்காத பாட்டி கூட "இன்னிக்கு விசிட்டேஷன்" என்றுதான் சொல்கிறார்.

1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு, ரோஸி ஜேக்கப் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். நம் சென்னையிலிருந்து போன வழக்குதான். பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் அல்ல, விளையாட்டுச் சாமானும் அல்ல என்று அதில் நீதிபதிகள் சொன்னார்கள். ஐம்பது வருடமாக எல்லாத் தீர்ப்பிலும் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ அதே தீர்ப்பில் இருக்கும் இன்னொரு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. குழந்தையின் காவல் பற்றிய எந்த உத்தரவும் அதன் இயல்பிலேயே தற்காலிகமானது; நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்கிறது அது. சொத்து வழக்கில் தீர்ப்பானால் தீர்ந்தது. ஆனால் மூன்று வயதில் போட்ட உத்தரவு பத்து வயதில் பொருந்தாது. பிள்ளை வளர்கிறதே!

திருப்பூர்க்காரரிடம் நான் முதலில் சொன்னதும் இதுதான். இரண்டு மணி நேரம் என்பது கல்வெட்டு அல்ல. நீங்கள் தவறாமல் வருகிறீர்கள், குழந்தை உங்களிடம் ஒட்டுகிறாள் என்பது பதிவாகப் பதிவாக, நேரத்தைக் கூட்டச் சொல்லி மனுப் போடலாம். கோர்ட் அறைக்குப் பதிலாகப் பூங்காவோ கடற்கரையோ கேட்கலாம். பிறகு ஒரு முழு நாள், பிறகு ஒரு ராத்திரி தங்கல், கோடை விடுமுறையில் பாதி என்று படிப்படியாகப் போன வழக்குகள் நிறைய உண்டு.

சரி, தள்ளி இருப்பவர்கள் என்ன செய்வது? 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அப்பா, அம்மா இருவரின் அன்பும் குழந்தைக்கு வேண்டும். அது குழந்தையின் தேவை மட்டுமல்ல, அடிப்படை மனித உரிமை என்றது. நேரில் பார்ப்பது போலவே பேசுவதும் முக்கியம். வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி இருக்கவேண்டும், அதற்கு வீடியோ கால் இருக்கிறதே என்றது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்து நாடே செல்போன் திரைக்குள் குடும்பம் நடத்தப்போகிறது என்று அந்த நீதிபதிகளுக்கு அப்போது தெரியாது. அந்த ஏப்ரலில் இன்னொரு வழக்கு வந்தது. நேரில் பார்க்க முடியாத நாள்களில் போனிலும் வீடியோவிலும் பேச ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சொல்லவேண்டியதாயிற்று.

அந்த ஜனவரித் தீர்ப்பில் யாருடைய உரிமை என்பதைக் கவனியுங்கள். "பிள்ளையைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று அப்பா சொல்கிறார். "அவருக்கு என்ன உரிமை" என்று அம்மா கேட்கிறார். உரிமை என்னவோ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஐந்து வயதுப் பெண்ணுடையது.

இதற்கு விலக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். அடி உதை வாங்கிக் குழந்தையோடு வெளியே வந்த பெண்களும் நமக்கு எழுதுகிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழந்தையைத் தற்காலிகமாக அம்மாவிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அப்பா வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு என்று தோன்றினால் அந்தச் சந்திப்பை மறுத்தே ஆகவேண்டும் என்றும் சொல்கிறது. பயந்து நடுங்கும் குழந்தையை "உங்கப்பாதானே, போ" என்று தள்ளிவிட எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

'குழந்தையையே கேட்டுவிட்டால் என்ன' என்று நிறையப் பேர் நினைக்கிறோம். யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிபதிகளும் பிள்ளைகளைத் தங்கள் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவதுண்டு. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றே முக்கால் வயதில் அம்மாவைப் பிரிந்து அப்பா வீட்டில் வளர்ந்த சிறுமி. எட்டு வயதாகிவிட்டது. அப்பாவோடுதான் இருப்பேன் என்கிறாள். ஒட்டுதலும் நிஜம். ஆனால் நீதிமன்றம் அதோடு விடவில்லை. அம்மாவோடு இருந்து பார்த்தறியாத பிள்ளை அம்மா வேண்டாம் என்று சொல்வதை அவளுடைய தேர்வு என்று எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு வருடமாவது அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா வந்து பார்க்கட்டும் என்று உத்தரவிட்டது. பெற்றவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் பிள்ளையின் மனதில் விஷம் ஏற்றுவதைப் பற்றியும் விரிவாகப் பேசியது அந்தத் தீர்ப்பு.

அது சரியான முடிவுதானா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. எட்டு வயதில் வீடு மாறிப்போன அந்தப் பெண் முதல் நாள் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பாள் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. ஆனால் ருசி பார்க்காத பண்டத்தைப் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளையை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் டீ வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2022-இல் நடந்தது. பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் கணவரை விருந்தாளியாக நடத்தவேண்டும். டீயும் பலகாரமும் கொடுக்கவேண்டும் என்று மனைவிக்குச் சொன்னார் தனி நீதிபதி ஒருவர். விருந்தினரைத் தெய்வமாக நினைப்பது நம் மரபு என்பதையும் நினைவுபடுத்தினார். பேப்பரில் வந்ததும் எங்கள் அலுவலகத்தில் மதியம் முழுக்க அதே பேச்சு. "பஜ்ஜியா போண்டாவா என்று ஆர்டரில் இருக்கிறதா?" என்று லே-அவுட் பகுதியில் ஒருவர் கேட்டார். அந்த அம்மா மேல்முறையீட்டுக்குப் போனார். டிவிஷன் பெஞ்ச் அந்த உபசரிப்பு உத்தரவை ரத்து செய்தது.

ரத்து செய்தது சரி என்பதுதான் என் கட்சி. எந்தக் காயத்தோடு அவர் கதவைத் திறக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? டீ போட்டுக்கொடு என்று ஒரு பெண்ணுக்குக் கோர்ட் சொல்லக்கூடாது. ஆனாலும் அந்தத் தனி நீதிபதி எதைப் பார்த்து மனம் கலங்கி அப்படி எழுதினார் என்பதும் எனக்குப் புரிகிறது. வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காக இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அந்த 'வாங்க' அப்பாவுக்குச் சொல்லப்படாமல் போவதைப் பிள்ளை கதவோரம் நின்று பார்க்கிறது. அப்பா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறுவதையும் பார்க்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, கோபத்தோடு. "ஜீவனாம்சம் கட்டாதவனுக்குப் பிள்ளையை எதற்குக் காட்டணும்?" "பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் எதற்குக் கட்டணும்?" ஃபைலில் இருக்கும் கடிதங்களில் பாதியில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறது. பால் செலவும் பள்ளிக்கூட ஃபீஸும் தனிக் கணக்கு. அப்பாவின் மடி தனிக் கணக்கு. இரண்டும் பிள்ளைக்குச் சேரவேண்டியவை. ஒன்றை நிறுத்தி இன்னொன்றை வசூலிக்கப் பார்ப்பவர்கள் பிள்ளையிடமிருந்து இரண்டையும் பிடுங்குகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பாட்டிக்கு: 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில், அப்பா அம்மா இருவரும் சேர்ந்து காவல் வைத்துக்கொள்ளும் முறையைச் சட்டமாக்கலாம் என்று பரிந்துரை செய்தது. தாத்தா பாட்டியோடு பிள்ளை செலவிடும் நேரத்தையும் அதில் தனியாகப் பேசியிருக்கிறார்கள். அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது, சட்டமாகவில்லை. ஆனால் உங்கள் மகன் துபாயிலிருந்து லீவில் வரும்போது பேத்தியை உங்கள் வீட்டுக்கு அழைத்துவர அனுமதி கேட்டு மனுப் போடலாம் அம்மா. கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. இன்லேண்ட் லெட்டரின் ஓரத்தில் 'அவளுக்கு அதிரசம் பிடிக்கும்' என்று எழுதியிருந்தீர்களே, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லைதான்; இருந்தாலும் சொல்லுங்கள்.

பண்டிகைகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். இந்த வருடம் தீபாவளி அப்பாவிடம், பொங்கல் அம்மாவிடம், அடுத்த வருடம் மாற்றி என்று உத்தரவுகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் ஊர்ச் சண்டைகள் தீபாவளியோடு முடிகிறவை அல்லவே. குலதெய்வம் கோயிலில் மொட்டை யார் போடுவது, காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியா, அப்பா வீட்டார் முன்னிலையா என்றெல்லாம் மனுக்கள் போகின்றன என்று ஒரு வழக்கறிஞர் தோழி சொன்னாள். காது மட்டும் எப்போதும் பிள்ளையுடையதுதான் என்றாள் அவள், சிரிக்காமல்.

இப்போது கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு வருகிறேன். வயது இருபத்து நான்கு. ஏழு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை அவள் இரண்டாவது சனி, நான்காவது சனிப் பிள்ளையாக இருந்தவள். அப்பா அவளை எப்போதும் ஒரு பேக்கரிக்குக் கூட்டிப் போவாராம். வெண்ணிலா ஐஸ்கிரீம், ஒரு தேங்காய் பன். சாயங்காலம் அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். "பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் நான் வாயைத் துடைத்துக்கொள்வேன். உதட்டில் ஐஸ்கிரீம் இருந்தால் நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். 'எப்படிப் போச்சு?' என்று கேட்பாள். 'ம்... போர்' என்பேன். அம்மாவின் முகம் தெளியும். எட்டு வருடமும் அதே பதில்தான்."

அம்மா ஒருநாளும் அப்பாவைப் பற்றித் தப்பாகப் பேசியதில்லை என்றும் அவளே எழுதியிருக்கிறாள். உத்தரவை ஒரு முறை கூட மீறியதில்லை. குறித்த நேரத்துக்கு அனுப்பி, குறித்த நேரத்துக்கு அழைத்துக்கொண்டாள். கோர்ட்டின் கண்ணில் இதைவிட ஒழுங்கான குடும்பம் இருக்கமுடியாது. அந்த முகம் மட்டும், அந்த ஒரு நொடித் தெளிவு மட்டும், பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. இதை எந்த நீதிபதி எந்தத் தாளில் எழுதித் தடுக்கமுடியும்?

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை, அவள் அனுமதி வாங்கி, பெயரும் ஊரும் நீக்கி, திருப்பூர்க்காரருக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் மகளும் ஒருநாள் வாயைத் துடைத்துக்கொள்வாளோ என்ற பயம் ஒரு காரணம்.

போன வாரம் அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு தாள். நேரத்தைக் கூட்டச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் வாய்தா. அதைவிட முக்கியமாக இன்னொன்று எழுதியிருந்தார். போன நான்காவது சனி, பன்னிரண்டு மணிக்கு மனைவி வந்து பிள்ளையின் கையைப் பிடித்தபோது, இவர் எழுந்து நின்று, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"பாப்பாவுக்கு இப்ப என்ன சைஸ்?"

அவர் பதில் சொல்லாமல் நடந்துவிட்டாராம். வாசல் வரை போய்விட்டு, திரும்பாமலே சொன்னாராம்.

"இருபத்தாறு. கை கொஞ்சம் நீளமா வைக்கச் சொல்லுங்க."

அன்புடன்,
ஆசிரியர்